தோளுக்கு அளவெடுத்த மலைப்பை

நம் ஊரான கோட்டுகாலுக்குச் சற்றுத் தெற்கே, பூவாற்றின் பொழிமுகத்தில் கடலோடு கலந்துவிடுகிற நெய்யாறு, கிழக்கே அகத்திய மலையின் சரிவுகளில் பிறந்து, காட்டையும் அணையையும் ரப்பர்த் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து வருவது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நதியின் பிறப்பிடமான மலையை ஒரு முறையேனும் நடந்து சென்று காணவேண்டும் என்ற ஆசை உண்டாவது இயல்பே. 1868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குச் செல்ல, கேரள வனத்துறையினர் மழையற்ற ஆண்டுத் தொடக்க மாதங்களில் அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். போணக்காட்டிலிருந்து புறப்பட்டு, காட்டாறுகளையும் புல்வெளிகளையும் கடந்து, முழங்கால் மார்பில் இடிக்கும்படி செங்குத்தாக ஏறுவதனாலேயே முட்டிடிச்சான் தேரி என்று பெயர் பெற்ற ஏற்றத்தையும் ஏறி, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் சிகரம் கண்டு முகாமுக்குத் திரும்பி, மூன்றாம் நாள் கீழே இறங்குவது அந்த யாத்திரையின் வழக்கமான ஏற்பாடு.

இந்த மூன்று நாளும் நம் முதுகைவிட்டு அகலாமல் உடன்வரும் ஒரே துணை நாம் சுமக்கும் பைதான். ஆயினும் காலணியைப் பத்துக் கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுக்கிற அன்பர்கள்கூட, பை விஷயத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். அதன் பலனை முட்டிடிச்சான் தேரியில் அவர்களுடைய தோள்கள் அநுபவிக்கின்றன. சாதாரணத் தையல் மெஷினும், பாவாடை சட்டை தைக்கிற அளவுக்குக் கைப்பழக்கமும் உள்ள எவரும், அரைக் கிலோவுக்கு உட்பட்ட எடையில், தம் தோளுக்கும் முதுகுக்கும் அளவெடுத்த பை ஒன்றை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். அந்த முறையை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கடையில் விற்கும் பெரிய மலைப்பைகள் வெறுமையாகவே ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ எடை இருப்பதற்குக் காரணம், அவற்றைச் செய்தவர் அவற்றைச் சுமக்கப் போகிறவரை அறியாதவர் என்பதே. சுமப்பவர் உயரமானவரா குள்ளமானவரா, ஐந்து கிலோ வைப்பாரா இருபது கிலோ வைப்பாரா, புல்வெளியில் நடப்பாரா பாறையில் தேய்ப்பாரா என்று ஒன்றும் தெரியாத நிலையில், எல்லா இடத்தையும் ஒரே மாதிரி பலமாகச் செய்துவிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நமக்கோ சுமப்பவர் யார், சுமை எவ்வளவு, வழி எப்படிப்பட்டது என்ற மூன்றும் தெரியும். ஆதலால், சுமை வந்து தொங்குகிற நாலைந்து இடங்களில் மட்டும் பலத்தைக் கூட்டி, மற்ற இடங்களில் எல்லாம் துணியை மெல்லியதாகவே விட்டுவிடலாம். வீட்டில் தைக்கும் பையின் இலேசு முழுவதும் இந்த அறிவிலிருந்து வருவதேயன்றி, விலையுயர்ந்த துணியிலிருந்து வருவதன்று. பின்வரும் ஒவ்வொரு விதிக்கும் இதுவே அடிப்படை.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி, 1955-ஆம் ஆண்டில், தமது 67-ஆம் வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழி நெடுகிலும் அவர் கொண்டுசென்ற சாமான்கள் எல்லாம், டெனிம் துணியில் அவரே வீட்டில் தைத்து ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்ட சாக்குப் போன்ற பையில் அடங்கிவிட்டன. விண்வெளித் துறையில் பொறியியலராக இருந்து பின்னர் மலையேற்றத்திலே ஈடுபட்ட ரே ஜார்டைன் என்பவரோ, தாமும் தம் மனைவியும் தைத்த பைகளுடன் நெடும்பாதைகளை நடந்து, அந்த அநுபவத்தை 1992-இல் ஒரு நூலாக எழுதி, சட்டமும் தடித்த இடுப்புப் பட்டையும் இல்லாத எளிய பையே போதும் என்று பலரும் ஏற்கும்படி செய்தார். முந்தையவரிடம் நாம் கற்க வேண்டியது சாமானைக் குறைக்கும் துணிவு; பிந்தையவரிடம் கற்க வேண்டியது பையின் அமைப்பு. இங்கே கூறப்போகும் பை, சட்டமில்லாத அந்த இனத்தைச் சேர்ந்ததே.

பை தைக்குமுன் சுமையை நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். அதிருமலை யாத்திரையில் முகாமிலேயே உணவு கிடைப்பதால் அரிசியும் பாத்திரமும் சுமக்க வேண்டியதில்லை. ஒரு போர்வை, சுருட்டிக் கொள்ளும் பாய், மாற்றுடை, மழைச்சட்டை, டார்ச் விளக்கு, மருந்து, அட்டைக் கடிக்குப் பூச உப்போ மூக்குப்பொடியோ, வழியில் தின்ன அவலும் கடலை மிட்டாயும், ஒரு லிட்டர் தண்ணீர் என இவை அனைத்தும் சேர்ந்து ஆறு கிலோவைத் தாண்டுவதற்கு நியாயமில்லை. எட்டுக் கிலோ வரையிலும் சட்டமில்லாத பை சௌகரியமாகத் தாங்கும். அதற்கு மேற்பட்ட சுமையை இந்தப் பையில் ஏற்றுவது தோளுக்குத் துரோகம் செய்வதாகும். அவ்வளவு சுமை அவசியமானால் இடுப்புப் பட்டையுள்ள பையைக் கடையில் வாங்குவதே முறை.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நெசவு ஊரான பாலராமபுரம் பக்கத்திலேயே இருப்பதால், நம் ஊரார் பலருக்குப் பாவும் ஊடும் சிறு பிராயம் முதற்கொண்டே பழகிய விஷயங்கள். திருவிதாங்கூர்த் திவான் உம்மிணித் தம்பியின் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து குடியேற்றப்பட்ட சாலியர் குடும்பங்களின் குழித்தறிகளில் இன்றும் நெய்யப்படும் அந்த நேர்த்தியான பருத்தித் துணியைக் கண்டால், இதிலேயே ஒரு பை தைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். ஈரம் காய நேரமாகும். காயாமல் மடித்து வைத்தால் இற்றுப்போகும். பையின் உள்ளே அவலையும் மிட்டாயையும் கட்டிவைக்கும் சிறு சுருக்குப் பைகளுக்கு அதுவே உத்தமம். முதுகுப் பைக்கு அது ஆகாது.

முதுகுப் பைக்கு வேண்டியது, உட்புறம் பூச்சுப் பூசிய நைலான் துணி. நைலான் நூலின் பருமனை டெனியர் என்னும் கணக்கால் குறிப்பார்கள். 9000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர் என்பது அதன் பொருள். குடைத்துணி மிக மெல்லியது. கடைப் பைகளின் தடித்த துணியோ பெரும்பாலும் 600 டெனியருக்குக் குறையாது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள 210 டெனியர் துணி நம் காரியத்துக்குப் பொருத்தமானது. அதிலும், சில மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தடித்த இழை ஓடிச் சிறு சிறு கட்டங்களாகத் தோன்றும் ‘ரிப்ஸ்டாப்’ நெசவு கிடைக்குமாயின் அதையே வாங்கவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பாராசூட்டுகளுக்காக வளர்ந்த நெசவு அது. முள் பட்டு ஓரிடத்தில் கிழிசல் தொடங்கினாலும், அடுத்த தடித்த இழையை எட்டியதும் கிழிசல் அங்கேயே நின்றுவிடும். நம் பக்கத்துப் பிரம்புக் காடுகளில் இந்தக் குணம் பெரிதும் உதவும்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ நாகர்கோவிலிலோ பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் போய், டெனியர் கணக்கைச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. “அண்ணாச்சி, பேக் தைக்கிற பாராசூட் துணி, உள்ளே கோட்டிங் உள்ளது, மெல்லிசா இருக்கணும்” என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். துணியை முகத்துக்கு நேரே பிடித்து வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். காற்று மறுபுறம் வந்தால் பூச்சு இல்லை என்று அறியலாம். பிறகு ஓரத்தை இரு கைகளாலும் பற்றி மூலைவிட்டமாக இழுத்துப் பார்த்தால், தளர்ந்த நெசவாயின் இழைகள் விலகித் தெரியும். அதைத் தள்ளிவிட வேண்டும். 150 செ.மீ. பன்னாவுள்ள துணியில் ஒன்றரை மீட்டர் போதும். அத்துடன் 20 மி.மீ. நைலான் நாடா மூன்று மீட்டர், 25 மி.மீ. நாடா ஒரு மீட்டர், ஓரம் கட்டும் பட்டி நாடா மூன்று மீட்டர், நாடாவை இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் அட்ஜஸ்டர் இரண்டு, ‘கிளிக்’கென்று பூட்டும் பக்கிள் ஒன்று, ஒரு மீட்டர் எலாஸ்டிக், தோள்பட்டைக்கு ஒரு செ.மீ. கனமுள்ள ஃபோம் தகடு ஆகியவை வேண்டும். ஃபோம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: கையால் பிழிந்தால் காற்று வெளியேறிச் சுருங்கும் பஞ்சு ஃபோம் வியர்வையைக் குடித்து நாறும், யோகப் பாயைப் போல அழுத்தினால் உடனே எழும்பும் கெட்டி ஃபோமே வேண்டும். கொக்கிகள் எல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இரும்புக் கொக்கி துருப்பிடித்து நாடாவை அரிக்கும்.

நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கவேண்டும். ரவிக்கை தைக்கும் மெல்லிய நூலைவிட ஒரு படி தடித்ததாக, பை தைப்பவர்கள் உபயோகிக்கும் நூலையே கேட்டு வாங்கவேண்டும். மிதித்துத் தைக்கும் பழைய கறுப்பு மெஷின் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. கனமான சக்கரமும் இரும்பு உடம்பும் உள்ள அது, நாலைந்து அடுக்கு நாடாவையும் அலுக்காமல் தைக்கும். துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசியும், நாடாவும் ஃபோமும் சேரும் இடங்களுக்கு 18-ஆம் நம்பர் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். தையலின் நீளம் ஓர் அங்குலத்துக்கு எட்டு என்ற கணக்கில் அமையட்டும். நெருக்கமான தையலே பலமான தையல் என்று நம் தையற்காரர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. பருத்தித் துணியில் அது ஓரளவு மெய்யே. பூச்சுப் பூசிய நைலானிலோ ஊசியிட்ட துளை மூடுவதில்லை. ஆகையால் நெருங்கிய தையல், தபால்தலைத் தாளின் ஓரம்போல் துணியைத் துளைத்துக் கிழிசலுக்கு வழிவகுத்துவிடும். இதே காரணத்தால் குண்டூசியையும் தவிர்த்து, துணி உலர்த்தும் கிளிப்புகளால் இணைத்துக்கொள்ள வேண்டும். தையலைப் பிரிக்க நேராதபடி முதலில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் பை முழுவதையும் வெள்ளோட்டமாகத் தைத்துப் பார்த்துவிட வேண்டும். பூச்சுள்ள பக்கம் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால், மெல்லிய காகிதத் துண்டொன்றை மேலே வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்தெடுத்துவிடலாம்.

அளவெடுப்பதற்கு இன்னொருவர் உதவி வேண்டும். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பு எலும்பின் மேல்விளிம்பை இரு கைகளாலும் பற்றி நிற்கும்போது கட்டைவிரல்கள் முதுகில் சந்திக்கும் மட்டம் வரை, முதுகின் வளைவோடு இஞ்ச் டேப்பை ஒட்டவைத்து அளக்கவேண்டும். பெரும்பாலும் 40 முதல் 50 செ.மீ. வரை இந்த அளவு வரும். ஆளின் உயரத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் கிடையாது. கால் நீண்ட நெட்டையருக்கு முதுகு குறுகியும் இருக்கலாம். பையின் அடியிலிருந்து இந்த அளவு மேலேதான் தோள்பட்டைகளைத் தைக்கவேண்டும். பையின் அடி இடுப்பு எலும்புக்கு நாலைந்து செ.மீ. கீழே தொங்கும், தோள்பட்டையும் பிடரி எலும்புக்கு ஏறக்குறைய அவ்வளவே கீழிருந்து புறப்படும், ஆகவே இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். உயர்நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019 முதல் அகத்திய மலைக்குப் பெண்களும் சென்று வருகிறார்கள். கடைப் பைகளில் பெரும்பாலானவை ஆண்களின் தோளை உத்தேசித்தே அமைந்திருப்பதால், வீட்டில் அளவெடுத்துத் தைப்பதன் பயன் பெண்களுக்கு இரட்டிப்பாகும். இரு பட்டைகளின் உள்விளிம்புகளுக்கிடையே அகன்ற தோளுடையவர்களுக்கு 7 செ.மீ. இடைவெளி விடலாம், குறுகிய தோளுடைய பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் 5 செ.மீ. போதும். இடைவெளி கூடினால் பட்டை தோளிலிருந்து நழுவும். குறைந்தால் கழுத்தை அறுக்கும்.

இனி வெட்டும் அளவுகள். நாம் தைக்கும் பை, அடியில் 30 செ.மீ. அகலமும் 18 செ.மீ. கனமும், சாமான் நிறைந்த நிலையில் 60 செ.மீ. உயரமும் உடையது. இதன் கொள்ளளவு 32 லிட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேலே 25 செ.மீ. துணி, வாயைச் சுருட்டி மூடுவதற்கு. முதுகுத் துண்டை 33 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமுமாக வெட்டவேண்டும். முன்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் தனித்தனியே வெட்டாமல், 69 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள ஒரே சுவராக வெட்டிவிட்டால், இரண்டு நீண்ட தையல்கள் மிச்சம். மழைநீர் நுழையும் வழியும் அவ்வளவுக்குக் குறையும். அடித்துண்டு 33-க்கு 21 செ.மீ. அளவில் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைத் துணியாய் வைப்பதற்கு. தோள்பட்டைக்கு 10-க்கு 48 செ.மீ. அளவில் நான்கு. வெளிப்பைகளுக்கு 87 செ.மீ. அகலமும் 34 செ.மீ. உயரமும் உள்ள ஒரே துண்டு. இவை எல்லாவற்றிலும் தையலுக்கு விடவேண்டிய ஒன்றரை செ.மீ. (தோள்பட்டையின் நீண்ட ஓரங்களில் மட்டும் ஒரு செ.மீ.) சேர்ந்தே இருக்கிறது. முதுகுத் துண்டும் சுவரும் தோள்பட்டையும், நீளவாக்கில் பாவு ஓடும்படியே வெட்டப்பட வேண்டும். சுமை பாவின் போக்கில் தொங்கினால் துணி இழுபடாது, குறுக்கு மறுக்காக வெட்டினால் பட்டை நாளடைவில் நீண்டுபோகும். வெட்டிய ஓரங்களை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று எட்டவே காட்டி நகர்த்தினால், நைலான் உருகி இழை பிரியாமல் நின்றுகொள்ளும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்யவேண்டிய வேலை இது.

பை வேலையில் புதியவர்களுக்குத் திகைப்பு உண்டாவது தையலில் அன்று, வரிசையில்தான். பை ஒரு குழாயாக மூடிய பின்னர் அதன் நடுவில் எதையும் தைக்க மெஷின் இடம் கொடாது. ஆதலால் துண்டுகள் தட்டையாக விரிந்து கிடக்கும் நிலையிலேயே, அவற்றின்மேல் சேரவேண்டிய அனைத்தையும் சேர்த்துவிட்டு, மூடும் தையல்களைக் கடைசியில் போடவேண்டும்.

முதலில் வெளிப்பைகள். 87 செ.மீ. துண்டின் மேலோரத்தை இரண்டரை செ.மீ. மடித்துத் தைத்து, அந்த மடிப்பினுள் 69 செ.மீ. எலாஸ்டிக்கைச் செலுத்தி இரு முனைகளையும் தைத்து நிறுத்தவேண்டும். சுவர்த் துண்டில், ஓரத்திலிருந்து 19.5 செ.மீ. தூரத்திலும் 49.5 செ.மீ. தூரத்திலும் நெடுகக் கோடு போடவேண்டும். இவை பையின் முன் மூலைகள். பைத் துண்டிலோ கோடுகள் 25.5 செ.மீ. தூரத்திலும் 61.5 செ.மீ. தூரத்திலும் வரும். கோட்டோடு கோட்டை வைத்து, எலாஸ்டிக்கையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு வரிசைத் தையல் போட்டுவிட்டால், ஒரே துண்டிலிருந்து மூன்று வெளிப்பைகள் பிறந்துவிடும். ஒவ்வொன்றிலும் மிஞ்சுகிற 6 செ.மீ. துணியை அடியில் கொசுவமாக மடித்து ஓரத்தோடு தைத்துவிட வேண்டும். பக்கவாட்டில் தண்ணீர்க் குப்பியும், முன்னால் நனைந்த மழைச்சட்டையும் இருக்கும் இடங்கள் இவை.

அடுத்தது தோள்பட்டை. இதற்குச் செலவிடும் சிரத்தையே பையின் ஆயுள் என்பதால், இங்கே அவசரம் கூடாது. இரண்டு துண்டுகளைப் பூச்சுள்ள பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, நீண்ட ஓரங்கள் இரண்டையும் ஒரு செ.மீ. விட்டுத் தைத்து, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் 8 செ.மீ. அகலமுள்ள உறை கிடைக்கும். 6.5 செ.மீ. அகலமும் 42 செ.மீ. நீளமும் உள்ள ஃபோமை அதனுள் செலுத்தவேண்டும். பூச்சில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால், ஃபோமைச் செய்தித்தாளில் சுற்றிச் செலுத்தி, பின்பு தாளை உருவிவிடலாம். அட்ஜஸ்டரைக் கோத்து மடித்த 20 மி.மீ. நாடாவைப் பட்டையின் வெளிமுகத்தில் கீழ்முனையிலிருந்து 15 செ.மீ. உயரம் வரை படியவைத்துத் தைக்கவேண்டும். முனையில் மட்டும் செருகித் தைத்தால், இழுப்பு முழுவதும் ஒரே வரிசைத் தையலில் விழுந்து, துணி அங்கே பிய்ந்துபோகும். கீழ்முனையில் ஒன்றரை செ.மீ. உள்ளே மடித்து மூடியபின், மேல்முனையில் ஃபோம் இல்லாத நாலரை செ.மீ. வால் மிஞ்சியிருக்கும். அதுதான் முதுகுத் துண்டில் சேரும் பகுதி.

முதுகுத் துண்டில், முன்பு எடுத்த முதுகளவை அடித் தையல் கோட்டிலிருந்து மேல்நோக்கிக் குறித்து, அந்த மட்டத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே 25 மி.மீ. நாடாவை வைக்கவேண்டும். பட்டைகளின் வால்களை, பட்டை மேல்நோக்கி நிற்கும்படியும் வெளிப்புறமாக இலேசாகச் சாய்ந்திருக்கும்படியும் அந்த நாடாவின் அடியில் செருகி, நடுவில் கைப்பிடிக்கென ஒரு நாடா வளையத்தையும் செருகிக்கொள்ள வேண்டும். துண்டின் உட்புறத்திலும் அதே மட்டத்தில் ஒரு கை அகலத் துணி ஒட்டுப்போட வேண்டும். பிறகு நாடாவின் இரு ஓரங்களிலும் நெடுகத் தைத்து, ஒவ்வொரு பட்டையின்மேலும் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் போட்டு முடிக்கவேண்டும். இந்த இடத்தில் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பித் தைப்பதே நலம். வேகத்தில் ஊசி ஒடியும். நாடா ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடுவதன் பயன் என்னவெனில், தோளின் இழுப்பு முதுகுத் துணியின் நடுவில் தங்கிவிடாமல், நாடாவின் வழியே இரு பக்கத் தையல்களுக்கும் பகிர்ந்து செல்கிறது என்பதே. தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படி, ஓரிடத்தில் குத்தும் பாரத்தைப் பரந்த இடத்துக்கு மாற்றிவிடுகிறது இந்த ஒற்றை நாடா. சில கிராம் எடைதான். அதை மிச்சம் பிடிக்க ஒருபோதும் எண்ணலாகாது.

பட்டைகளின் கீழ்நாடாக்கள் 45 செ.மீ. நீளத்தில் இரண்டு. அவற்றை நேராகப் பக்கத் தையலில் செருகாமல், 10 செ.மீ. சதுரத் துணியை மூலைவிட்டமாக மடித்த முக்கோணத்தின் கூர்முனையில் தைத்து, முக்கோணத்தின் அகன்ற அடிப்பாகம் முதுகின் பக்கத் தையலில் அகப்படும்படி, அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வைக்கவேண்டும். தைக்கும்போது நாடாக்கள் உள்நோக்கிக் கிடக்கவேண்டும் என்பதை மறந்துவிட்டால், பையைத் திருப்பியபின் அவை பைக்குள்ளே போய் மறைந்திருக்கும்.

இப்போது மூடும் தையல்கள். முதுகுத் துண்டின் இரு ஓரங்களையும் சுவரின் இரு ஓரங்களோடு, நல்ல பக்கங்கள் உள்முகமாக இருக்கும்படி கிளிப்பிட்டு, ஒன்றரை செ.மீ. விட்டு ஒரு வரிசையும், அதற்கு அரை செ.மீ. வெளியே இன்னொரு வரிசையும் தைத்து, ஓரத்தைப் பட்டி நாடாவால் பொதிந்து தைக்கவேண்டும். அடித்துண்டைப் பொருத்தும்போது மூலைகளில் துணி சுருங்கித் தொந்தரவு கொடுக்கும். சுவர்த் துண்டில் முன் மூலை வரும் இடத்தில் 1.2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு பக்கம் தைத்து, மூலையில் ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி, அடுத்த பக்கத்தைத் தொடர வேண்டும். வாயில் ஒரு செ.மீ. மடித்து, மறுபடி இரண்டரை செ.மீ. மடித்துத் தைக்குமுன், பக்கிளின் இரு பாதிகளையும் நாடாத் துண்டில் கோத்து மடிப்பின் இரு கோடிகளிலும் செருகிவிடவேண்டும். வாயை நாலைந்து சுற்றுச் சுருட்டி, இரு கோடிகளையும் வளைத்துப் பூட்டினால் பை மூடிக்கொள்ளும். ஜிப் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஜிப் கனம், மணலும் உப்பும் புகுந்தால் ரன்னர் மக்கர் செய்யும், காட்டில் பிய்ந்துபோனால் பையை மூட வழியேயில்லை. சுருட்டும் வாய்க்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. சிகரம் ஏறும் இரண்டாம் நாளில், கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறவேண்டியிருப்பதால், சாமான்களை முகாமில் வைத்துவிட்டுத் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் எடுத்துச்செல்வார்கள். அப்போது அதே பையை மேலும் மேலும் சுருட்டிப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது பை தேவையில்லை.

துணியில் பூச்சு இருந்தாலும் தையல் துளைகளின் வழியே மழை புகும். இடவப்பாதி மழையையும் துலா மழையையும் கண்ட நமக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை. வறண்ட மாதங்களிலும் அகத்திய மலையில் திடீர் மழை உண்டு. காட்டுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோக வனத்துறையின் தடை இருப்பதால், சாமானைப் பாலிதீன் உறையில் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குடைத்துணியில், பையைவிடச் சற்று அகலமாக, சுருட்டு வாயுள்ள உள்பை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டால் போர்வையும் மாற்றுடையும் நனையா. நூறு கிராம்கூட இராத அந்த உள்பை, பல வருஷங்கள் உழைக்கும்.

சட்டமில்லாத பைக்குச் சட்டமாவது நாம் விரித்துப் படுக்கும் பாயே. அதை முதுகுத் துண்டின் அகலத்துக்கு மடித்து, முதுகோடு ஒட்டி முதலில் செருகிவிட்டு, அதன்பின் சாமானை அடுக்கவேண்டும். போர்வை அடியில், தின்பண்டம் போன்ற கனமானவை தோள்களின் நடு மட்டத்தில், முதுகை ஒட்டி, இலேசானவை வெளிப்புறத்தில். கனத்தை முதுகிலிருந்து விலக்கி வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பை ஈடுகட்ட நாம் கூனி நடக்க நேரும். பைக்குள் வெற்றிடம் விடாமல் நெருக்கி அடைத்தால், துணி தூணைப்போல் விறைத்து நிற்கும்.

தைத்து முடித்ததும் காட்டுக்குக் கிளம்பிவிடலாகாது. பையில் எட்டுக் கிலோ அரிசி மூட்டையை வைத்து, இரு தோள்பட்டைகளையும் உத்தரத்துக் கொக்கியில் மாட்டி ஓர் இரவு முழுவதும் தொங்கவிட வேண்டும். காலையில், பட்டை சேரும் இடத்தையும் முக்கோணத் துணி சேரும் இடத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். ஊசித் துளைகள் வட்டமாகவே இருந்தால் நல்லது. கீற்றாக நீண்டிருந்தால், உட்புறத்தில் இன்னொரு துணி ஒட்டு வைத்து மறுபடி தைக்கவேண்டும். அதன்பின் வெள்ளறடைக் குரிசுமலைக்கோ காளிமலைக்கோ அதே சுமையுடன் ஒரு தடவை ஏறி இறங்கினால், பட்டை எங்கே உறுத்துகிறது, எந்த நாடா நழுவுகிறது என்பவை தெரிந்துவிடும். நழுவும் நாடாவின் முனையை இரண்டு முறை மடித்துத் தைத்துவிட்டால் அட்ஜஸ்டரைவிட்டு உருவாது.

யாத்திரை முடிந்ததும் பையை வாஷிங் மெஷினில் போடலாகாது. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து அலமாரியில் அடைத்தால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். ஒருமுறை தொடங்கினால் அதை நிறுத்த மருந்தில்லை. வெட்டி மிஞ்சிய துணியில் உள்ளங்கையளவு இரண்டு துண்டுகளையும், 18-ஆம் நம்பர் மெஷின் ஊசியின் கனமுள்ள கையூசி ஒன்றையும், அட்டையில் சுற்றிய அதே நூலையும் சிறு சுருக்குப் பையில் கட்டி முன்பக்க வெளிப்பையிலேயே எப்போதும் போட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முந்தைய நாள், தோள்பட்டையின் பெருக்கல் தையலில் அறுந்த இழை எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அன்றே அதன்மேல் இன்னொரு வரிசை ஓட்டிவிட வேண்டும்.